கணக்கில் வராத ஆட்டக்காரர்கள்

வீடியோ கேம் பெட்டிகளின் சரித்திரத்தைப் பெரும்பாலும் விற்ற பெட்டிகளை எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தப் பெட்டி, எத்தனை கோடி. விளையாடியவர்களை எண்ணுவது வேறு காரியம். அதை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. சரிந்துகொண்டிருக்கும் ஒரு கம்பெனி தன் ஆட்டக்காரர்களை எப்படித் திரும்பப் பெறும் என்று வர்த்தகப் பத்திரிகைகள் கேட்கிறபோதும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டே கேட்கின்றன. திரும்பப் பெறுவது என்றால் முதலில் யாரோ போயிருக்க வேண்டும். போனவர் யார், வந்தவராகவே எண்ணப்படாதவர் யார்? இந்தக் கேள்வியை நான் ஆம்பூரிலிருந்து கேட்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருமுனையில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். முன்னால் சோடா, பிஸ்கட்; பின்னால் திரை போட்ட அறையில் இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி. அரை மணிக்கு இரண்டு ரூபாய். ஒருத்தன் ஆடுவான், ஆறு பேர் நின்று பார்ப்போம். “குதிடா, குதி, இப்ப குதி!” என்று கத்துகிறவனிடம் காசு இருக்காது. ஆனால் எந்தச் சுவருக்குப் பின்னால் எதிரி நிற்கிறான் என்பது அவனுக்குத்தான் தெரியும். “பாய், அஞ்சே நிமிஷம் பாய்” என்றால், “டைம் ஆயிடுச்சு தம்பி, எழுந்திரு. காசு இருந்தா உக்காரு” என்பார். அந்த அறையில் ஆட்டக்காரர் ஒருவரா, ஏழு பேரா?

அந்த இரண்டு ரூபாய் வந்த வழியையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்தார்கள். ‘அப்பர்’ என்றுதான் பேர். ஏஜெண்டு கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஜோடிக் கணக்கில் கூலி. தைத்த கட்டை ஏஜெண்டு வீட்டில் சேர்த்துவிட்டு வந்தால் அம்மா சில்லறை கொடுப்பாள். ஐரோப்பாவில் யாரோ போடப்போகும் ஷூவின் தையலிலிருந்து பிரிந்த சில்லறைதான் பாயின் கல்லாவில் விழுந்தது.

பாய் வைத்திருந்த பெட்டி நிண்டெண்டோ கம்பெனியுடையது அல்ல, அதன் நகல். மூலப்பெட்டி 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் இந்தத் தொழிலே சரிந்தது. தரமற்ற ஆட்டங்கள் குவிந்து கடைகளில் தேங்கின. அட்டாரி கம்பெனி விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவின் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014-ல் தோண்டியபோது அவை கிடைத்தன. ‘வீடியோ கேம்’ என்ற சொல்லுக்கே கடைக்காரர்கள் முகம் சுளித்த காலத்தில், 1985-ல் நிண்டெண்டோ தன் பெட்டியோடு ஒரு சிறு ரோபோவைச் சேர்த்துப் பொம்மை என்று சொல்லி உள்ளே நுழைந்தது. கூடவே பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லையும் வைத்தது. கம்பெனி அனுமதித்த கேசட் மட்டுமே ஓடும். இழந்த நம்பிக்கையை மீட்டது இந்த இரண்டும்தான்: வேஷம் ஒன்று, பூட்டு ஒன்று.

எங்கள் ஊருக்கு வந்த நகலில் அந்தப் பூட்டு கிடையாது. கேசட்டின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டுதான் வேறு வேறு பெயரில் வரும். மோசடி என்று யாரும் கோபப்பட்டதில்லை. கியோட்டோவின் பேரேட்டிலோ நாங்கள் அத்தனை பேரும் பூஜ்யம்.

முறையான பெட்டி வராமல் இல்லை. 1995-ல் ஷா வாலஸ் கம்பெனி மூலம் செகா தன் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் விற்றது. விலை ரூ. 18,000. டேனரியில் வேலை பார்த்த ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். அந்த விலையில் ‘இந்திய ஆட்டக்காரர்’ என்று செகா கற்பித்துக்கொண்டவர் யார் என்பதை விளக்கத் தேவையில்லை. அதே செகா தன் சொந்தச் சந்தையிலும் தடுமாறிக்கொண்டிருந்தது. 1995 மே மாதம் அமெரிக்காவில் அறிவித்த தேதிக்கு முன்னதாகவே சாட்டர்னை 399 டாலருக்கு இறக்கியது. அன்றே சோனி தன் பெட்டி 299 டாலர் என்றது. 1998-ல் வந்த டிரீம்காஸ்ட் நல்ல பெட்டிதான். ஆனால் கடையும் ஆட்டம் எழுதுகிறவர்களும் அதற்குள் நம்பிக்கை இழந்திருந்தார்கள். 2001 ஜனவரி கடைசியில், பெட்டி செய்வதையே விட்டுவிடுவதாக செகா அறிவித்தது.

சரிந்து எழுந்த கதை நிண்டெண்டோவுடையது. அதன் பொறியாளர் குன்பெய் யோகோய் ஒரு கோட்பாடு வைத்திருந்தார்: ‘வாடிய தொழில்நுட்பத்தை’ எடுத்து வேறு திசையில் பயன்படுத்து. வாடியது என்றால் செத்தது அல்ல. பழகியது, மலிந்தது, குணம் தெரிந்தது. 1989-ல் வந்த கேம் பாய்க்கு வண்ணத்திரை கிடையாது. வண்ணத்திரை வைத்த போட்டிப் பெட்டிகள் பேட்டரியைத் தின்றன. இது பல மணி நேரம் ஓடியது. ஜெயித்ததும் இதுதான்.

தோல் ஊர்க்காரனுக்கு இது புதிய தத்துவமாகப் படாது. எங்கள் பக்கத்தின் ‘ஈ.ஐ. தோல்’ ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்டது; உலகம் வாங்கிய தோல். 1972-ல் சீதாராமையா கமிட்டி, அரைப்பதன் தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுப்பதன் தோலையும் ஷூ போன்ற பொருட்களையும் ஊக்குவிக்கச் சொன்னது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முகம் மாறியது அதன் பிறகுதான். குரோமியம் பெருகியது. அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தது. இதற்கு நடுவில் 1989-ல் ஜெர்மனி பென்ட்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. அது பட்ட தோலுக்கு அங்கே இடமில்லை என்றானதும் இங்கே ரசாயனத்தை மாற்றினார்கள், சோதனைச் சான்று வாங்கினார்கள், சந்தையைத் தக்கவைத்தார்கள். போன வாடிக்கையைத் திரும்பப் பெறும் வித்தை எங்கள் ஊருக்கும் தெரியும்.

வித்தை தெரியும், சரி. அதன் செலவு யார் தலையில் விழுகிறது? இங்கேதான் இரண்டு கதைகளும் பிரிகின்றன. 2011-ல் நிண்டெண்டோவின் 3டிஎஸ் விற்கவில்லை. ஆறே மாதத்திற்குள் விலையை 250 டாலரிலிருந்து 170-க்கு இறக்கினார்கள். முதலில் முழு விலை கொடுத்தவர்கள் ஏமாந்தவர்களாக உணரக்கூடாது என்று அவர்களுக்கு இருபது பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அடுத்து வந்த வீ யு 1 கோடியே 36 லட்சம் பெட்டிகளோடு நின்றுபோக, 2014-ல் மறுபடி குறைத்துக்கொண்டார். ஆட்களை நீக்கிக் கணக்கைச் சரிக்கட்டலாமே என்று கேட்டவர்களுக்கு, பயத்தில் வேலை செய்கிறவர்களால் நல்ல ஆட்டம் செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். 2015-ல் அவர் இறந்தார். 2017-ல் வந்த ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. இவாடாவைப் புனிதராக்க நான் இதைச் சொல்லவில்லை, முதலாளியம் முதலாளியம்தான். நஷ்டம் மேலிருந்து கீழே இறங்குவது இயற்கை விதி அல்ல, ஒரு தேர்வு என்பதற்கு இது சாட்சி. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி இறங்கியது. “ஆர்டர் கம்மிம்மா” என்பார் ஏஜெண்டு. மறுநாள் கட்டு வராது. வேலை நீக்கம் என்று எந்த ஏட்டிலும் அது பதிவாகாது, ஏனென்றால் அம்மா எந்த ஏட்டிலும் தொழிலாளி இல்லை. ‘வீட்டில் சும்மா இருக்கிறவள்.’ வாங்காமல் ஆடிய நானும் சேராமல் உழைத்த அம்மாவும் ஒரே இடத்தில்தான் நின்றோம்: கணக்குக்கு வெளியே.

வெளியே நிற்பவரை உள்ளே எண்ணும்போதுதான் பெட்டிக் கம்பெனிகள் பிழைத்திருக்கின்றன. 2001-ல் வந்த கேம்கியூப் 2 கோடியே 17 லட்சத்தோடு பின்தங்க, சோனியின் பி.எஸ்.2 15 கோடியைத் தாண்டியது. அப்போது நிண்டெண்டோ கேட்ட கேள்வி, போனவர்களை எப்படி அழைப்பது என்பதல்ல. இதுவரை ஆடாதவர் யார் என்பது. 2006-ன் வீ பெட்டி அம்மாவையும் பாட்டியையும் ஆட்டக்காரர்களாக எண்ணியது. கையை வீசினால் போதும். 10 கோடி விற்றது. மாறாக 2013-ல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், ஆட்டத்தட்டைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றது. சோனி பதிலுக்கு ஒரு சிறு படம் வெளியிட்டது: ஒருவர் தட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் படம். மைக்ரோசாஃப்ட் அந்த ஜூன் மாதமே பின்வாங்கியது. ஆனால் போன பெயர் திரும்பவில்லை. 2024 பிப்ரவரியில் தன் ஆட்டங்கள் நான்கைப் போட்டியாளர் பெட்டிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. பாய் கடையில் நின்ற எவனைக் கேட்டிருந்தாலும் 1995-லேயே சொல்லியிருப்பான்: கைமாறாத ஆட்டம் ஆட்டமே இல்லை.

இந்தியாவை எண்ணிப் பார்க்க சோனிக்கு 2009 ஆனது. கபடியும் கில்லியும் பட்டமும் வைத்து ‘தேசி அட்டா’ என்ற ஆட்டத்தை பி.எஸ்.2-க்குக் கொண்டுவந்தது. காலம் கடந்த காரியம். பாயின் பின்னறை அதற்கு முன்பே இண்டர்நெட் கடையாகி, பிறகு செல்போன் ரீசார்ஜ் கடையாகிவிட்டது. இன்று பையன்கள் போனில் காசில்லாமல் ஆடுகிறார்கள். ஒவ்வொரு விரலசைவும் எங்கோ எண்ணப்படுகிறது. எண்ணப்படாமல் இருந்தது எங்கள் இழப்பா, சுதந்திரமா என்று இப்போது சந்தேகம் வருகிறது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, தடுமாறும் பெட்டிக் கம்பெனிக்கு ஆம்பூர் சொல்லக்கூடியது இரண்டு. பின்னால் நின்று பார்க்கிறவனை எண்ணு. நஷ்டத்தை நீ சுமந்து காட்டு. அம்மாவுக்கு இன்று கண் மங்கிவிட்டது, ஊசி கோர்க்க முடிவதில்லை. பக்கத்து வீட்டில் இன்னும் கட்டு வருகிறது. இந்த இரண்டு வாக்கியங்களை அந்த ஷூ கம்பெனிகளுக்கு யார் சொல்வது என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் கேள்வி.