ஆற்றைக் கெடுத்ததே தொட்டியையும் கெடுக்கிறது

வீட்டில் மீன் தொட்டி வைத்த சில நாள்களிலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பது பலரும் கண்ட அனுபவம். 'கை ராசி இல்லை' என்பர் சிலர்; கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பர் வேறு சிலர். பெரும்பாலும் குற்றவாளி மீன் அல்ல, நீர்தான். பேராக் மாநில ஆறுகளின் வரலாறு இதற்குச் சாட்சி.

1880ஆம் ஆண்டுகளில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் தொழில் பெருகியது. மண்ணை நீரால் அலசி ஈயத்தைப் பிரித்ததால், சேறும் மணலும் ஆறுகளில் கலந்தன. நுண்ணிய சேறு செவுளில் படிந்தால் மீன் மூச்சுத் திணறும்.

அடுத்து வந்தது இரப்பர். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளுக்குப் பின், பேராக்கில் தோட்டங்கள் பரவின. அங்கே பால்மரம் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். பால் உறையாமல் இருக்க அம்மோனியாவும், உறைய வைக்கப் பார்மிக் அமிலமும் பயன்பட்டன. ஆலைக் கழிவு ஓடைகளில் சேர்ந்து அழுகியபோது நீரிலிருந்த பிராணவாயு குறைந்தது. அம்மோனியா மீன்களின் செவுளைப் புண்ணாக்கியது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பிறந்தது. இரப்பர் ஆலைக் கழிவுக்கான தனி விதிமுறைகள் 1978இல் வந்தன.

1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. கைவிடப்பட்ட ஈயக்குட்டைகள் சிலவற்றில் மீன் வளர்ப்பு தொடங்கியது. அலங்கார மீன் வளர்ப்பிலும் பேராக் பெயர் பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஈப்போ போன்ற நகரங்களின் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடியேறிய குடும்பங்களின் வரவேற்பறைகளிலும் கண்ணாடித் தொட்டிகள் இடம் பிடித்தன.

ஓடையைக் கெடுத்த அதே அம்மோனியா இந்தத் தொட்டியிலும் உருவாகிறது. மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியுமே அதன் ஊற்று. 1850இல் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் தங்க மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே கலத்தில் வாழவைத்து, நீரில் ஒரு சமநிலை வேண்டும் என்பதைக் காட்டினார். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுவது நுண்ணுயிர்களே என்பதை 1890 வாக்கில் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி விளக்கினார். புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகச் சுமார் 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்களை நிறைத்தால் சாவு நிச்சயம்.

நீர் முழுவதையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு, வடிகட்டும் பஞ்சைக் குழாய் நீரில் அலசுவது இன்னொரு தவறு. குளோரின் அந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், செவுளையும் தாக்கும். ஈப்போ குன்றுகளின் சுண்ணாம்புக்கல்லை அழகுக்காகப் போடுவதும் கவனிக்க வேண்டியது. அது நீரின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடினால் அம்மோனியாவின் நச்சும் கூடும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கி மாற்றுவதும், தீனியை அளவோடு போடுவதும் போதும்.

ஆற்றைக் காக்கச் சட்டம் உண்டு. வீட்டுத் தொட்டிக்குச் சட்டம் கிடையாது. அங்கே கழிவைச் சேர்ப்பவரும் அதை நீக்க வேண்டியவரும் வளர்ப்பவர் ஒருவரே. பிள்ளைகள் இதை வீட்டிலேயே கற்றுக்கொண்டால், வெளியே ஓடும் ஆறும் பிழைக்கும்.