குழி விழும் முன்னே போடும் கணக்கு

மலேசியாவின் சுங்கை சோ பக்கத்துத் தோட்டங்களில் பல்வலி என்றால் ஒரு காலத்தில் முதலில் கிராம்பு, பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், கடைசியில் குறடு. பல்லைப் பிடுங்கியதும் பேச்சு முடிந்துவிடும். அடுத்த பல் எப்போது கெடும் என்று யாரும் கேட்டதில்லை. இன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் தாயிடம் கேள்விகள் வருகின்றன. இரவில் புட்டியோடு தூங்குகிறதா? சாப்பாட்டுக்கு இடையில் இனிப்பு எத்தனை தடவை? பற்பசையில் ஃபுளோரைடு உண்டா? அண்ணன் அக்காளுக்குச் சொத்தை இருந்ததா?

இந்தக் கேள்விகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், எச்சிலில் ரொட்டியைக் கலந்து, அதில் பல்லைப் போட்டு உடல் சூட்டில் வைத்துப் பார்த்தார். பல் இளகியது. இறைச்சியைக் கலந்தபோது இளகவில்லை. நம் பாட்டிமார் சொல்லும் பூச்சி எதுவும் பல்லை அரிக்கவில்லை, மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலம் கக்கும் கிருமிகள்தான் காரணம் என்று 1890இல் நூலாகவே எழுதினார். அதோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது. கிருமி எல்லார் வாயிலும் இருக்கிறது. ஒரே லயத்தில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் பல் ஏன் கெடுகிறது?

1938இல் அமெரிக்காவின் ஹேகர்ஸ்டவுன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த கிளைன், பால்மர், நட்சன் மூவரும் சொத்தை, பிடுங்கியது, அடைத்தது ஆகியவற்றைக் கூட்டி ஒரு பிள்ளைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும் எண் அது. அடுத்த சில ஆண்டுகளில் ராபர்ட் ஸ்டீபன் பல்லின்மேல் படிந்த அழுக்கில் மெல்லிய மின்முனையை வைத்து அமிலத்தை அளந்தார். சர்க்கரைத் தண்ணீரில் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் அமிலம் ஏறியது. பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி, ஒருமணி ஆனது. சொத்தை அதிகமுள்ளவர்கள் வாயில் அமிலம் இன்னும் கடுமையாக ஏறியது. அதே காலத்தில் ஸ்னைடர் என்பவர் பச்சை நிறக் கூழில் நோயாளியின் எச்சிலை விட்டு, அது எவ்வளவு விரைவாக மஞ்சளாகிறது என்று பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார். கெடப்போகும் வாயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆசை அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்த படி அழகானதல்ல. சுவீடனில் லுண்ட் நகரத்து விப்பஹோல்ம் காப்பகத்தில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியைத் தின்னக் கொடுத்துச் சொத்தையை எண்ணினார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. 1954இல் முடிவு வெளியானது. சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரை செய்த கெடுதல் குறைவு. சாப்பாட்டுக்கு இடையில் அடிக்கடி தின்ற ஒட்டும் இனிப்பு பல்லைச் சூறையாடியது. ‘எத்தனை தடவை’ என்று இன்று கேட்பதற்குப் பின்னால் அந்த மனிதர்களின் பற்கள் இருக்கின்றன.

சுவீடன்காரரான பூ கிராசே 1985இல் சொத்தை அபாயம் பற்றித் தனி நூல் எழுதினார். மால்மோவில் டக்ளஸ் பிராட்ஹால் அந்த அபாயத்தை ஒரு வட்டப் படமாகவே ஆக்கினார். உணவுக்கு நீலம், கிருமிக்குச் சிவப்பு, பல்லின் தாங்கும் சக்திக்கு இளநீலம், சூழ்நிலைக்கு மஞ்சள். மிஞ்சும் பச்சைத் துண்டுதான் தப்பிக்கும் வாய்ப்பு. கலிபோர்னியாவில் 2002இல் பல் மருத்துவர்கள் கூடிப் பேசி, மறு ஆண்டு சொத்தை அபாயத்தை மதிப்பிடும் கேள்வித்தாளை அச்சில் கொண்டுவந்தார்கள்.

இத்தனை சோதனைகள் வந்தும், முன்பே சொத்தை வந்திருக்கிறதா என்ற கேள்வியை மிஞ்சும் கணிப்பு அரிது. கேட்டால் சிரிப்பு வரும்: குழி விழுந்தவனுக்குத்தான் இன்னும் குழி விழும் என்று சொல்ல இத்தனை ஆராய்ச்சியா? ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடந்த காலமே கிடையாது. அங்கேதான் மற்றக் கேள்விகள் வேலை செய்கின்றன.

மலாயாவில் அந்தக் கேள்விகளின் பாதி விடை பால்டின்னில் இருந்தது. இனிப்பூட்டிய கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், கைக்குழந்தைக்கு அதைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். அவர் கவலை பல்லைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. ஆனாலும் இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய தாய்க்கு, ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளையின் அழுகையை நிறுத்த வேறு என்ன இருந்தது? கேள்வித்தாளின் ‘சூழ்நிலை’க் கட்டத்தை நிரப்புகிறவர்கள் அந்தத் தாயைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்தது. 1949 முதல் பினாங்குப் பள்ளியில் பல் தாதியர் பயிற்சி பெற்றார்கள். குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1972இல் அரசுக் கொள்கையானது. ஆனால் பல தோட்டங்களுக்குச் சுத்திகரித்த குழாய்நீர் வந்துசேரவே காலம் பிடித்தது. 2015 ஆய்வில்கூட நாட்டின் 5 வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது.

புட்டியால் வரும் சொத்தை மேல் முன்பற்களில் தொடங்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கும். தூக்கத்தில் எச்சில் குறைவதால் இனிப்பு அங்கேயே தேங்கும். முதல் அடையாளம் ஈறை ஒட்டிய சுண்ணாம்பு வெள்ளைக் கோடு. அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூசி மீட்க வாய்ப்பு உண்டு. பழுப்பாகிக் குழி விழுந்தால் பெரும்பாலும் அடைப்பதோ பிடுங்குவதோதான். ஆகவே இன்றிரவே பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள்: என் பிள்ளைக்கு அபாயம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் திரும்ப வரவேண்டும்?