பழைய போர்ஷே 911: ஸ்டீயரிங் தொய்வைப் போக்கும் ‘டர்போ டை ராட்’... என்ன பலன்? எதில் கவனம் தேவை?

40, 50 வயதான போர்ஷே 911 கார்களில் ஒரு பிரச்சினை அடிக்கடி வரும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே திரும்பாது. நடுவில் ஏதோ தொய்வு இருப்பது போலத் தெரியும். இதற்காக மொத்த ஸ்டீயரிங் ராக்கையும் மாற்றத் தேவையில்லை. பல கார்களில் இரண்டு டை ராட்களை மாற்றினாலே வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் அதே வேலையைத் தப்பாகச் செய்தால், வேகமாகப் போகும்போது கார் கட்டுப்பாட்டை இழக்கும் ஆபத்தும் உண்டு. முழு விவரத்தையும் பார்க்கலாம்.

911-க்கு ஸ்டீயரிங் ஏன் இவ்வளவு முக்கியம்?

1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் அறிமுகமான 911-ன் இன்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் காரின் எடையில் சுமார் 60 சதவீதம் பின்பக்கம்தான். முன்பக்கம் லேசாக இருக்கும்.

வளைவில் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும். பின் டயர்களின் பிடி குறையும். காரின் பின்பக்கம் வெளியே வழுக்கும். அந்த நொடியில் டிரைவரைக் காப்பாற்றுவது ஸ்டீயரிங்தான். அதில் தாமதம் இருந்தால் சிக்கல்தான்.

இன்னொரு விஷயம், 1989-ல் வந்த 964 மாடலுக்கு முந்தைய 911-களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. டயர் சொல்வதெல்லாம் நேரடியாகக் கைக்கு வரும். இந்தக் காரை விரும்புகிறவர்கள் தேடுவதே அந்த உணர்வைத்தான்.

டை ராட் என்ன வேலை செய்யும்?

ஸ்டீயரிங் வீலைத் திருப்பினால் ராக் எனப்படும் பல் வைத்த கம்பி இடமும் வலமும் நகரும். அந்த அசைவை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்புக் கம்பிதான் டை ராட். பக்கத்துக்கு ஒன்று.

பழைய 911-களில் ஸ்டீயரிங் விகிதம் சுமார் 18:1. அதாவது ஸ்டீயரிங்கை 18 டிகிரி திருப்பினால் சக்கரம் சுமார் 1 டிகிரி திரும்பும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் பக்கம் வெறும் அரை டிகிரி தளர்வு இருந்தாலே, டிரைவர் கையில் அது 9 டிகிரி வீண் அசைவாகத் தெரியும்.

‘டர்போ டை ராட்’ என்றால் என்ன?

பழைய 911-களின் சாதாரண டை ராட்டில், ராக்குடன் சேரும் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கும். சாலை அதிர்வைக் குறைக்க வைத்தது அது. வளைவில் விசை அதிகமாகும்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். வருஷங்கள் போகப் போக ரப்பர் இறுகி, வெடித்து, தொய்வு இன்னும் கூடும்.

1975-ல் வந்த 930 டர்போவில் ரப்பருக்குப் பதில் உலோக பால் ஜாயின்ட் கொண்ட டை ராட் பயன்படுத்தப்பட்டது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சாதாரண 911-லும் இது பொருந்தும் என்பதால், கிளாசிக் 911-ல் முதலில் செய்யும் மேம்பாடுகளில் இதுவும் ஒன்று. முன்பு வைத்திருந்தவரே மாற்றியிருக்கலாம் என்பதால், வாங்கும் முன் காரில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாற்றும் முன் இதை செக் பண்ணுங்க

தொய்வுக்கு டை ராட் மட்டுமே காரணம் இல்லை.

* முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.
* கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ராட் பக்கம் சந்தேகம்.
* 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போதும் ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட்டைப் பாருங்கள்.
* ஸ்டீயரிங் ஷாஃப்டை ராக்குடன் இணைக்கும் ரப்பர் கப்ளிங், காலத்தின் மேல்முனை புஷ் ஆகியவையும் தேய்ந்திருக்கலாம்.
* டயர் பழசா, காற்று சரியா என்பதையும் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை இதுதான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

டை ராட் வெளிமுனை கூம்பு வடிவில் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஸ்டீயரிங் ஆர்ம் சேதமாகலாம். அதற்கென்று இருக்கும் புல்லரைப் பயன்படுத்துவதே சரி.

பழைய ராட்டின் நீளத்தை அளந்து, புதியதையும் அதே நீளத்துக்கு வைத்தால் கார் அலைன்மென்ட் கடை வரை ஒழுங்காகப் போய்ச் சேரும். நட்டைப் பூட்டும் காட்டர் பின் பழசாக இருந்தால் திரும்பப் போடக் கூடாது. அது விட்டுப்போனால் நட்டு தளர்ந்து, சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் இருக்கும் தொடர்பே அறுந்துபோகலாம்.

முடித்த பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதன்பின் வீல் அலைன்மென்ட் கட்டாயம். டை ராட் நீளம் மாறினால் முன் சக்கரங்களின் ‘டோ’ மாறிவிடும். அதைச் சரி செய்யாமல் ஓட்டினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், புது டயரும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

காரைத் தாழ்த்தியவர்களுக்குத் தனி எச்சரிக்கை

அழகுக்காகவும் பிடிப்புக்காகவும் 911-ஐத் தாழ்த்துபவர்கள் நிறைய. தாழ்த்தினால் டை ராட் சாய்ந்துவிடும். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, டை ராட்டும் கீழ் ஆர்மும் ஒரே மாதிரி வளையத்தில் நகராது. விளைவு, டிரைவர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். இதற்குப் பெயர் ‘பம்ப் ஸ்டீர்’.

டர்போ டை ராட் மட்டும் போட்டால் இது தீராது. ராக்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து அதை உயர்த்தினால், டை ராட் பழைய கோணத்துக்குத் திரும்பும். எவ்வளவு உயர்த்துவது என்பது கார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பாதகம் உண்டா?

உண்டு. ரப்பர் போனதும் அதிர்வும் கைக்கு வரும். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டீயரிங் உதறுவது கூடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓட்டும், ஒரிஜினலாகவே வைத்திருக்க விரும்பும் உரிமையாளருக்கு நல்ல நிலையில் உள்ள ரப்பர் டை ராட்டே போதும். மலைப்பாதையிலும் டிராக்கிலும் ஓட்டுபவருக்கு டர்போ டை ராட் கைகொடுக்கும்.

மற்ற கார்களுக்கும் பொருந்துமா?

இன்று நம்ம ரோட்டில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களிலும் ராக்கும் டை ராட்டும்தான். அவற்றில் ஏற்கனவே பால் ஜாயின்ட் இருப்பதால் இந்த மேம்பாடு தேவைப்படாது. ஆனால் அறிகுறிகள் ஒன்றே: ஸ்டீயரிங்கில் ஆட்டம், பள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம், டயர் ஒரு ஓரமாகத் தேய்வது. இதில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.