ஒரு பிள்ளையும் ஒரு நோய்ப் பட்டியலும்



செம்மேட்டில் இரண்டு நாளாக மழை. வீட்டுக்குள்ளேயே இருந்ததில், முப்பது வருடமாக மனசில் கிடந்த ஒன்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1994. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பதிவேட்டில் பையன், பேச்சும் பழக்கமும் பெண்பிள்ளைகளோடு. மற்றவர்கள் கேலி செய்ததைப் பார்த்து நான்தான் அதன் அப்பாவிடம், "கீழே கூட்டிட்டுப் போய் மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை வகுப்பில் தூங்கி வழிந்தது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு வரவேயில்லை.

அந்த டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் படித்த புத்தகமே அப்படி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1980-இல் இது தனி நோயாக ஏறியது. 1994-இல் வந்த நான்காம் பதிப்பு 'பாலின அடையாளக் கோளாறு' என்ற ஒரே பெயருக்குள் எல்லாரையும் அடக்கியது. உலக சுகாதார நிறுவனமும் மனநோய் அத்தியாயத்தில்தான் வைத்திருந்தது.

2013-இல் அமெரிக்கப் பட்டியலிலிருந்து 'கோளாறு' என்ற சொல் போனது. ஒருவர் படும் மனவேதனைக்குத்தான் சிகிச்சை, அவருடைய அடையாளம் நோயல்ல என்றார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற புதிய பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இது பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு மாறியது. ஏன் முழுக்க நீக்கவில்லை என்று கேட்பீர்கள். பட்டியலில் பெயரே இல்லாவிட்டால் பல நாடுகளில் சிகிச்சையும் காப்பீடும் கிடைப்பது சிரமம். அதனால் இடம் மட்டும் மாற்றினார்கள்.

பட்டியல் போடும் பழக்கம் டாக்டர்களிடம் தொடங்கவில்லை. நாம் 'ரேகைச் சட்டம்' என்கிறோமே, அந்த 1871-ஆம் வருட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி வடக்கே ஹிஜ்ராக்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றியது. 1911-இல்தான் அந்தப் பகுதி நீங்கியது.

நம் மாநிலம் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அடுத்த வருடம் பக்கத்துச் சேலத்துப் பிரித்திகா யாஷினி, உயர் நீதிமன்றம் வரை போய் எஸ்.ஐ. வேலைக்கு வழி வாங்கினார். 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வதைத் தடுக்கச் சொன்னார்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால், முதலில் கேலி செய்பவர்களைக் கண்டியுங்கள். அன்று நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை எங்கேயாவது இதைப் படித்தால்: கண்ணு, உன்மேல் ஒரு தப்பும் இல்லை. தெரியாமல் சொன்ன வாத்தியாரை மன்னித்துக்கொள். மலைக்கு வந்தால் வீட்டுக்கு வா.