பனிக்கட்டி விட்டுச்சென்ற வழிகள்

குச்சி ஐஸைச் சுவைக்காதவர் நம்மில் எவரும் இலர். சில முறை உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடுகின்றன. குச்சியில் எஞ்சுவது வெளுத்துப்போன, சுவையற்ற பனிக்கட்டியே. இது ஏன் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நீர் உறைந்து படிகமாகும்போது சர்க்கரைக்கும் சாயத்திற்கும் அப்படிகத்தினுள் இடம் கிடைப்பதில்லை. அவை படிகங்களுக்கு இடையிலுள்ள சந்துகளுக்குத் தள்ளப்படுகின்றன. அந்தச் சந்துகளில் தங்கிய பாகைத்தான் நாம் உறிஞ்சுகிறோம்.

வேற்றுப் பொருளை ஒதுக்கித் தள்ளும் இக்குணத்தை மனிதன் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வருகிறான். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் விடுதிக்காரர் ஒருவர், மிஞ்சிப்போன கடற்பாசிக் கூழை மாரிக்கால இரவில் வெளியே கொட்டிவிட்டார் என்றும், அது உறைந்து, உருகி, உலர்ந்தபின் பஞ்சு போன்ற பொருளாகக் கிடந்தது என்றும் கூறுவர். அகர்-அகர் பிறந்த கதை இது. பனிக்கட்டி இருந்த இடமே துளையாயிற்று! ஆனால் அத்துளைகளுக்கு ஒழுங்கு இல்லை, திசையும் இல்லை.

1954-இல் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரிலிருந்த விமான எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ்வெல்லும் அவருடைய குழுவினரும், பீங்கான் தூள் கலந்த குழம்பை அச்சில் ஊற்றி உறையவைத்து எஞ்சின் தகடுகள் செய்ய முயன்றனர். செறிவான, துளையற்ற தகடே அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனவே நீரை இயன்றவரை குறைத்துக் குழம்பைக் கெட்டியாக்கினர். அன்று துளை என்பது ஒரு குறை.

அந்தக் குறையே பின்னர் நிறைவாயிற்று. எவ்வாறு?

குழம்பு நிறைந்த ஒரு குழாயைக் குளிர்ந்த செப்புத் தகட்டின்மேல் நிறுத்துவதாகக் கொள்வோம். வெப்பம் கீழ்நோக்கி வெளியேறுகிறது. பனிக்கட்டி மேல்நோக்கி வளர்கிறது. உறைதல் மிக மெதுவாக நிகழ்ந்தால், சமதளமான பனிமுகம் துகள்கள் அனைத்தையும் மேலே தள்ளிக்கொண்டு போகும். மிக விரைவாக நிகழ்ந்தாலோ, துகள்கள் பனிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேகத்தில் பனிமுகம் நிலைகுலைந்து, மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து வளர்கிறது. துகள்கள் அவ்வேடுகளுக்கிடையே சுவர்களாகச் சேர்கின்றன. உருகிய உலோகக் கலவை உறையும்போது சமமான முகம் ஏன் நிலைகுலைகிறது என்பதை முல்லின்ஸ், செகர்கா ஆகிய இருவரும் 1964-இல் கணித முறையில் விளக்கியிருந்தனர். அதே அடிப்படை இங்கும் உதவுகிறது.

இனிப் பனிக்கட்டியை நீக்க வேண்டும். உருகவிட்டால் சுவர்கள் சரிந்துவிடும். எனவே குறைந்த அழுத்தத்தில் வைத்து, கற்பூரம் மறைவதுபோல் பனிக்கட்டியை நேரே ஆவியாக்குகின்றனர். பிறகு சூளையில் சுடுகின்றனர். எஞ்சுவது ஒரே திசையில் செல்லும் நேரிய துளைகள் கொண்ட பீங்கான். 2001-இல் ஜப்பானில் ஃபுகசவா குழுவினர் இத்தகைய துளைகளை உருவாக்கிக் காட்டினர்.

இதனால் யாருக்குப் பயன்? எலும்பு சிதைந்த நோயாளியை எண்ணிப் பாருங்கள். மாற்றாக வைக்கும் பொருளில் துளைகள் இருந்தால்தான் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் உள்ளே புகமுடியும். ஆனால் துளை பெருகினால் வலு குறையும். இந்த முரண்பாட்டைத் தளர்த்தியவர்கள் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தெவில், சாயிஸ், நல்லா, டோம்சியா ஆகியோர். எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சி அபடைட்டைக் கொண்டு அவர்கள் செய்த துளைப் பொருள், அந்நாளில் உடலில் பொருத்தப்பட்டு வந்தவற்றைவிட நான்கு மடங்கு வரை வலுவுள்ளதாக இருந்தது. இது 2006-இல் வெளியாயிற்று. 2008-இல் அதே ஆய்வுக்கூடத்தினர் அலுமினா ஏடுகளைச் செங்கல்போல் அடுக்கி, இடையே அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக்கை நிரப்பினர். சிப்பியின் உட்புறத்து முத்து அடுக்கே அவர்களுக்கு முன்மாதிரி. இக்கலவையை முறிக்கத் தேவைப்பட்ட ஆற்றல், அதன் கூறுகளுக்குத் தேவைப்படுவதைப்போல் 300 மடங்குக்கும் மேல்!

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, வெப்பம் அதனூடே வெளியேற நெடுநேரம் ஆகிறது, வளர்ச்சி தளர்கிறது, ஏடுகளும் தடிக்கின்றன. ஆகவே தகட்டின் வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்து, வேகத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும். பெரிய பொருள்களைச் செய்வது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தமுறை குச்சி ஐஸ் வாங்கினால் உடனே உறிஞ்சிவிடாதீர்கள். ஓரத்தைச் சற்றே உடைத்துப் பாருங்கள். அச்சின் சுவரிலிருந்து நடுவை நோக்கி ஓடும் கோடுகள் தென்படலாம். வெப்பம் வெளியேறிய வழியை அவை உங்களுக்குச் சொல்லும்.