உறுமும் நாயைத் திருத்தியது எது?

கட்டிப் போட்டிருக்கும் நாய் ஒன்று, யார் அருகில் சென்றாலும் பல்லைக் காட்டி உறுமுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்த என்ன செய்வீர்கள்? அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நாய்களைப் பழக்கியவர்களும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். அந்த நம்பிக்கை எப்படித் தகர்ந்தது என்று காண்போம்.

ஜெர்மனியில் காவல்துறை அதிகாரியாக இருந்த கான்ராட் மோஸ்ட், 1910-ஆம் ஆண்டில் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு செயலை ஒட்டி உடனே கிடைக்கும் இன்பமோ துன்பமோதான் நாய்க்குப் பாடமாகிறது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். ஆயினும் பணியாத நாய்க்கு அவர் கூறிய மருந்து, முள் வைத்த கழுத்துப்பட்டையும் பிரம்பும்தான்.

பிற்காலத்தில் இக்கொள்கைக்கு ஓநாய் துணைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்த ருடால்ஃப் ஷெங்கெல், அவை தலைமைக்காகப் போட்டியிடுவதாக 1947-இல் எழுதினார். நாயின் மூதாதை ஓநாய்தானே! எனவே நாயை அடக்கி ஆள்பவனே நல்ல எஜமானன் என்று பயிற்சியாளர்கள் முடிவு கட்டினர். அமெரிக்க உயிரியல் அறிஞர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூலும் தலைமை ஓநாய் என்னும் கருத்தைப் பரப்பியது. ஆனால் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்த அவரே, 1999-இல் அக்கருத்தைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே.

அப்படியானால் நாய் ஏன் உறுமுகிறது? பல வேளைகளில், அச்சத்தால். இதற்கான தடயங்கள் 1924-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் பெருவெள்ளம். பாவ்லோவின் ஆய்வகக் கொட்டடிகளில் இருந்த நாய்களை நீந்தவைத்தே மீட்க வேண்டியிருந்தது. அதன்பின் ஒரு நாய், கற்ற பாடங்களை இழந்துவிட்டது. தந்த உணவையும் உண்ணவில்லை. தனியறையிலிருந்த அதன் அருகில், பழகிய ஆய்வாளர் வந்து அமர்ந்தபோது பழைய பாடங்கள் திரும்பின. பின்னர் ஒருநாள் கதவின் அடியில் சிறிது நீரை ஓடவிட்டதும் நடுங்கி, மீண்டும் அவற்றை இழந்தது. அச்சம் கல்வியை அழிக்கும்; துணை அதை மீட்கும். பிரம்பு இங்கு என்ன செய்திருக்கும்?

அதே ஆண்டில், அமெரிக்க உளவியலார் மேரி கவர் ஜோன்ஸ் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். முயலைக் கண்டாலே அஞ்சி அழும் மூன்று வயதுக் குழந்தை அவன். அவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டிலுள்ள முயலைச் சற்றுத் தொலைவில் வைத்து, நாளடைவில் நெருங்கக் கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான்!

இன்று அஞ்சிக் கடிக்கும் நாய்க்கும் இம்முறையே கைகொடுக்கிறது. அந்நியர் நாய் கலங்காத தொலைவில் நிற்பார். அவரைக் கண்டவுடன் நாய்க்கு இறைச்சித் துண்டு கிடைக்கும். அது அமைதியாக இருக்க இருக்க, இடைவெளி குறைக்கப்படும். சரியான செயலை நாய்க்கு உடனுக்குடன் உணர்த்த, 'டிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியைப் பயன்படுத்தலாம் என்று உளவியலார் ஸ்கின்னர் 1951-இல் எழுதினார். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984-இல் தாம் வெளியிட்ட நூலின் வழியே வெகுமதி முறையை மக்களிடம் பரப்பினார். 2021-இல் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம், சீறும் நாய்களுக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது.

இதில் இரக்கம் மட்டுமன்று, நம் பாதுகாப்பும் அடங்கியுள்ளது. உறுமல் என்பது "விலகிப் போ" என்னும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால் உறுமல் நின்றுவிடலாம், அச்சம் நிற்காது. அடுத்த முறை அந்த நாய் எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். ஆகவே, உறுமும் நாயைக் காணும்போது கல்லைத் தேடாதீர்கள். சற்று விலகி நில்லுங்கள். அது எதைக் கண்டு அஞ்சுகிறது என்று பாருங்கள். திருத்தம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.