சிவப்பு மையும் சுத்தி வளைச்ச கோடும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. போன வாரம் பரண்ல இருந்த அட்டைப்பெட்டியைக் கிளறினப்போ ஒரு பழைய கட்டுரை கையில சிக்குச்சு. அமெரிக்காவுல முதுகலை படிக்கப் போன முதல் செமஸ்டர்ல நான் எழுதினது. எட்டுப் பக்கம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. கடைசியில பேராசிரியர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி: "விஷயம் எங்கே?"

விஷயம் ஆறாவது பக்கத்துல இருந்துச்சு சாமி! நம்ம ஊர்ல பொண்ணு பார்க்கப் போனாகூட மழை தண்ணி, விலைவாசி எல்லாம் பேசி, காபி குடிச்சப்புறம்தானே வந்த விஷயத்தை எடுப்போம்? நானும் அப்படித்தான் மரியாதையா முன்னுரை பாடியிருந்தேன். அவருக்கு அது வளவளன்னு பட்டிருக்கு. அன்னிக்கு ராத்திரி ஊருக்குத் திரும்பிடலாமான்னு விமான டிக்கெட் விலை விசாரிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

தப்பு முழுக்க என் பேர்லதான்னு பல வருஷம் நம்பிக்கிட்டு இருந்தேன். இந்தச் சிவப்பு மைக்கு ஒரு சரித்திரமே இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கின முதல் சீனர் யுங் விங். யேல் பல்கலைக்கழகம், 1854. ஆளு கணக்குல ரொம்ப வீக். கால்குலஸ்னாலே பயம். ஆனா இரண்டாம் வருஷம் ஆங்கிலக் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கினவர். அந்தப் பரிசுதான் வகுப்புல தன் மானத்தைக் காப்பாத்துச்சுங்கிற மாதிரி தன் சுயசரிதையில எழுதியிருக்கார். ஆனா அவர் சின்னப் பையனா இருந்தப்பவே மக்காவ், ஹாங்காங் மிஷன் பள்ளிகள்ல ஆங்கிலம் படிச்சவர். அவரை வச்சு எல்லாரையும் எடை போட முடியாது.

கூட்டம் கூடினப்புறம் என்ன செஞ்சாங்க? 1941-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல சார்லஸ் ஃப்ரீஸ் தலைமையில ஆங்கில மொழி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்தவங்க லத்தீன் அமெரிக்க மாணவர்கள். ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சு, வாய்ப்பாடு மாதிரி மண்டையில ஏத்துற முறை. வெளிநாட்டு மாணவனைத் தனியா உட்கார வச்சு, ஆங்கிலத்தைத் தயார் பண்ணி, அப்புறம் மத்த வகுப்புகளுக்கு அனுப்பணும்ங்கிறது திட்டம். நல்ல எண்ணம்தான், குறை சொல்லலை. 1964-ல டோஃபல் தேர்வு வந்துச்சு. 1966-ல டெசோல்னு, பிறமொழிக்காரங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தர்ற ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கமே உருவாச்சு.

இங்கதான் ஒரு சிக்கல். பால் கேய் மட்சுதா ஜப்பான்ல பிறந்து, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாப் படிச்சு, அமெரிக்காவுல எழுத்துப் பாடப் பேராசிரியர் ஆனவர். 1999-ல எழுதின ஒரு கட்டுரையில இதை "வேலைப் பிரிவினை"ன்னு சொல்றார். தனித்துறை வளர வளர, சாதாரண எழுத்து வகுப்பு ஆசிரியர் "இவங்க பாடு அந்தத் துறையோட பாடு"ன்னு கை கழுவ வசதியாப் போச்சு. ஆனா மாணவன் எந்த வகுப்புல உட்கார்ந்திருக்கான்? அதே சாதாரண வகுப்புலதான்! மாணவனுக்குத்தான் பயிற்சி, தேர்வு, மதிப்பெண் எல்லாம். ஆசிரியருக்கு? ஒண்ணும் கிடையாது.

அதே 1966-ல இன்னொண்ணும் நடந்துச்சு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல இருந்த ராபர்ட் கேப்லன், வெளிநாட்டு மாணவர்களோட கட்டுரைகளை நூற்றுக்கணக்குல படிச்சுட்டு, ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு சிந்தனைக் கோடு போட்டார். ஆங்கிலேயன் யோசிக்கிறது நேர்கோடு. கிழக்காசியக்காரன் சுருள். மத்தவங்களுக்கு வளைஞ்சு நெளிஞ்ச கோடுகள். இலக்கணம் சரியா இருந்தும் கட்டுரை ஏன் உதைக்குதுன்னு ஆசிரியர்களுக்குப் புரிய வைக்கிறதுதான் அவர் நோக்கம். அந்த வகையில அது பெரிய முன்னேற்றம். ஆனா படம் ரொம்ப சுலபமா இருந்ததால, சீனப் பையன்னா சுருள்தான்னு முத்திரை குத்தவும் பயன்பட்டுச்சு. 1987-ல கேப்லனே, தான் கொஞ்சம் அழுத்தியே சொல்லிட்டதா ஒத்துக்கிட்டார். (அந்தப் படத்துல நம்மாளுங்களுக்குன்னு தனிக்கோடு இல்லை. இருந்தா கோலம் மாதிரி இருந்திருக்கும்! :-))

ஆசிரியர் பக்கம் விளக்கைத் திருப்பினவங்கள்ல முக்கியமானவர் மினா ஷானஸி. நியூயார்க் சிட்டி காலேஜ். 1970-ல அந்தப் பல்கலைக்கழகம் கதவை அகலமாத் திறந்துவிட்டப்போ, அதுவரை கல்லூரி வாசலே மிதிக்காத வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வந்தாங்க. அவங்க எழுதின சுமார் 4,000 நுழைவுக் கட்டுரைகளை உட்கார்ந்து படிச்சார் ஷானஸி. 1977-ல புத்தகமா வந்துச்சு. அதோட சாரம்: தப்புகள் கண்டபடி வர்றதில்லை, அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் ஆசிரியரா இருந்தா குறை மாணவன்கிட்ட மட்டும் இல்லை. அதுக்கு முந்தின வருஷம் எழுதின ஒரு கட்டுரையில, வளர வேண்டியவர் ஆசிரியரும்தான்னு படிப்படியா விளக்கியிருப்பார். அவர் மாணவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரங்கதான். ஆனா பாடம் எல்லாருக்கும் பொருந்துது.

இது அதிகாரபூர்வமா ஆக இன்னும் கால் நூற்றாண்டு ஆச்சு. கல்லூரி எழுத்துப் பாட ஆசிரியர்களோட அமைப்பு (சுருக்கமா நாலு-சி) 2001-ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. இரண்டாம் மொழியில எழுதுறவங்க எல்லா வகுப்புலயும் இருக்காங்க, அதனால எல்லா ஆசிரியருக்கும் அதுக்கான பயிற்சி வேணும்னு சொல்லுச்சு. அமெரிக்கப் பண்பாடு தெரிஞ்சாத்தான் எழுத முடியும்ங்கிற மாதிரி கேள்வி தராதீங்க, அவங்களுக்கான தனி வகுப்புல 15 பேருக்கு மேல சேர்க்காதீங்கன்னும் சொல்லுச்சு. பேஸ்பால் பத்திக் கட்டுரை கேட்டா நம்ம பையன் என்ன எழுதுவான், பாவம்!

இப்ப நமக்குச் சொந்தமான ஒருத்தர் வர்றார். சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணத்துக்காரர். போர்க்காலத்துல யாழ் பல்கலைக்கழகத்துல ஆங்கிலம் கற்பிச்சவர். தாள் தட்டுப்பாடு, மின்சாரம் இல்லாத நிலைமையில ஆய்வுக்கட்டுரை எழுதி வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்புறது எப்படி இருந்துச்சுன்னு 2002-ல ஒரு புத்தகமே எழுதினார். 2007-ல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

2006-ல அவர் செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேராசிரியர் கா. சிவத்தம்பியோட எழுத்துகளை எடுத்துக்கிட்டார். தமிழ்ல உள்ளூர் வாசகருக்கு எழுதினது ஒண்ணு, ஆங்கிலத்துல உள்ளூருக்கு எழுதினது ஒண்ணு, ஆங்கிலத்துலயே வெளிநாட்டு அறிஞர்களுக்கு எழுதினது ஒண்ணு. ஆள் ஒருத்தர்தான். ஆனா கட்டுரையோட கட்டுமானம் வாசகருக்குத் தக்க மாறுது. அப்ப தாய்மொழி பிடிச்சு இழுத்ததால ஒருத்தர் கோணலா எழுதுறார்னு எப்படிச் சொல்றது? அது அவர் தெரிஞ்சே எடுத்த முடிவு. கேப்லன் கோட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

2011-ல இன்னொரு கட்டுரை. இரண்டாம் மொழியில எழுதக் கற்பிக்கிறது எப்படின்னு வருங்கால ஆசிரியர்களுக்கு அவர் நடத்தின வகுப்பு பத்தினது. சவூதியிலிருந்து வந்த ஒரு மாணவி, தன் படிப்புக் கதையை எழுதுறப்போ அரபி வரிகளை மொழிபெயர்க்காம அப்படியே விட்டிருந்தாங்க. இவர் சிவப்பு மையை எடுக்கலை. "இதை ஏன் இப்படி வச்சீங்க?"ன்னு கேட்டார். கூடப் படிச்சவங்களும் கேட்டாங்க. அவங்க காரணம் சொன்னாங்க. சில இடத்தை மாத்திக்கிட்டாங்க, சிலதை விட்டுக்கொடுக்கலை. எனக்குத் தெரிஞ்சு இந்தப் பயிற்சியோட சாரமே அந்த ஒரு கேள்விதான். தப்புன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி "ஏன்?"னு கேக்கறது.

எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு நான் சொல்லலை. வினைச்சொல் தப்பா இருந்தா திருத்தத்தான் வேணும். வேலைக்குப் போற இடத்துல யாரும் சலுகை தர மாட்டாங்க. ஆனா எது தடுமாற்றம், எது தேர்வுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். அது தானா வராது, ஆசிரியருக்குச் சொல்லித்தரணும். 2023-24 கல்வியாண்டுல அமெரிக்காவுல படிச்ச வெளிநாட்டு மாணவர்கள் 11 லட்சத்துக்கும் மேல. அதுல 3.3 லட்சத்துக்கும் அதிகமானவங்க இந்தியப் பிள்ளைங்க. இத்தனை பேர் கட்டுரையும் யாரோ ஒருத்தர் கையிலதான் திருத்தத்துக்குப் போச்சு.

என் கதைக்கு வர்றேன். இரண்டாவது செமஸ்டர்ல வேற ஒரு அம்மா பாடம் எடுத்தாங்க. என் கட்டுரையைப் படிச்சுட்டு, "இதையே உன் மொழியில எழுதினா எங்கே ஆரம்பிப்பே?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "சரி, உன் வாசகர் அவசரக்காரர். அவருக்கு எங்கே ஆரம்பிப்பே?"ன்னு அடுத்த கேள்வி. பத்து நிமிஷம் கூட ஆகலை. அதுக்கப்புறம் நான் டிக்கெட் விலை விசாரிக்கவே இல்லை.

அக்கா பொண்ணு அடுத்த செமஸ்டருக்கு அங்கே கிளம்புறா. "மாமா, என் இங்கிலீஷ் போதுமா?"ன்னு கேட்டா. "போதும்டா. சிவப்பு மையோட கட்டுரை திரும்பி வந்தா மூடி வச்சுடாதே. அதைத் தூக்கிக்கிட்டு நேரா அவங்க அறைக்குப் போய், நான் ஏன் இப்படி எழுதினேன்னு சொல்லவான்னு கேளு"ன்னேன். நல்ல ஆசிரியரா இருந்தா உட்காரச் சொல்வாங்க.

உங்களுக்கும் இப்படி ஒரு சிவப்பு மைக் கதை இருக்கும்ல? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.